ஆலம்படுகைக்குப் போகும் கட்டு

“இன்னிக்குத் தண்ணி உண்டாம்மா?”

“எந்த ஊருங்க?”

“ஆலம்படுகைங்க. வலங்கைமானுக்கு இந்தாண்ட.”

“ஒரு நிமிஷம் இருங்க... ஆலம்படுகை வாய்க்கால்... இன்னிக்கு முறை இல்லைங்க.”

“பேப்பர்லயும் அப்படித்தான் வருதா?”

“பேப்பரைப் பாத்துத்தாங்க சொல்றேன்.”

“பேப்பர்ல வந்துட்டா சரிதான். மதகுக்குள்ள அடைப்பு கெடக்கு. எறங்கி எடுத்துடலாம்னு பாத்தேன். வச்சிடட்டுமாம்மா?”

“வச்சிடுங்க.”

ஒன்பது வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்து உச்சிப்பொழுதில் நடந்த பேச்சு இது. ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது. ஆனால் ஸ்ரீரஞ்சனிக்கு அதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அந்த மனிதரின் கரகரத்த குரல், அவருக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆடு கத்தியது, போனை வைப்பதற்குக்கூட அனுமதி கேட்ட மரியாதை எல்லாம் அப்படியே காதில் தங்கிவிட்டன. தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னதும் நினைவிருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

இந்த வருட ஆடியில் ஒரு திங்கட்கிழமை, அவள் வழக்கம்போலக் காலை ஏழு மணிக்கே ‘பொன்னிமடல்’ அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். தஞ்சாவூர் கீழவாசலில், மீன் மார்க்கெட்டுக்குப் போகிற சந்தில் இருக்கும் பழைய மாடிக் கட்டடம் அது. கீழே அச்சுக்கூடம், மேலே ஆசிரியர் குழு. குழு என்று பெயர்தானே தவிர, அவளும் அவள் கணவன் விஸ்வாவும் இரண்டு நிருபர்களும்தான். மாலை நாளிதழ் என்பதால் பகலில்தான் பரபரப்பு. பதினொன்றரைக்குப் பக்கம் முடியும், பன்னிரண்டரைக்கு மிஷின் ஓடும், ஒன்றேகாலுக்கெல்லாம் ஊர் ஊருக்கான கட்டுகள் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறிவிடும். மூன்று மணிக்குக் கிராமத்து டீக்கடையில் பேப்பர் விரியும்.

டில்லியில் என்ன நடந்தது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும், திருப்பனந்தாள் பஸ் ஏன் வரவில்லை, யார் வீட்டுத் துக்கத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லப் பொன்னிமடலை விட்டால் ஆளில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நான்காம் பக்கத்தின் வலது மூலையில் அந்தச் சின்னப் பெட்டி. ‘இன்றைய தண்ணீர்’ என்று அதற்குப் பெயர். ஆற்றில் தண்ணீர் குறைவான வருடங்களில், ஆறு நாள் ஒரு வாய்க்காலுக்கு, ஆறு நாள் அடுத்ததற்கு என்று முறை வைத்துத்தான் திறப்பார்கள். எந்த வாய்க்காலுக்கு இன்று முறை என்பதைப் பெட்டியைப் பார்த்துத்தான் ஜனங்கள் மண்வெட்டியை எடுப்பார்கள். ‘சம்பந்தி வீட்டுல பொய் வரும், பொன்னிமடல் பெட்டியில பொய் வராது’ என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சே உண்டு.

மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு அந்த வாடை அடித்தது. அச்சு மை வாடை இல்லை. வடிந்துபோன வாய்க்காலில் வெயில் ஏறும்போது வருமே, அந்தச் சேற்று வாடை.

“விஸ்வா, உங்களுக்கு ஏதாவது வாடை அடிக்குதா?”

“மீன் மார்க்கெட்டுப் பக்கத்துல ஆபீஸ் போட்டுட்டு இதென்ன கேள்வி ரஞ்சி?” என்று அவன் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

மூன்றேகாலுக்கு வலங்கைமான் ஏஜென்ட் மூஸா பாய் போன் செய்தார்.

“தங்கச்சி, பெட்டிக்கு என்னம்மா ஆச்சு? ஆலம்படுகை வாய்க்கால்ல தண்ணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. நீங்க முறை இல்லைன்னு போட்டிருக்கீங்க. ‘பாய், உங்க பேப்பருக்கு இன்னும் ஆடி பொறக்கலையா’ன்னு கேக்கறானுங்க. என்னால கடையில ஒக்கார முடியல.”

ஸ்ரீரஞ்சனி மேசைமீதிருந்த பிரதியைப் புரட்டினாள். ‘ஆலம்படுகை வாய்க்கால்: முறை உண்டு. முழு அளவு.’

“சரியாத்தான் போட்டிருக்கு பாய்.”

“அப்ப என் கண்ணு தப்பா? இருங்க, போட்டோ அனுப்புறேன்.”

போட்டோ வந்தது. அன்றைய தேதி. அன்றைய செய்திகள். பெட்டியில் மட்டும், ‘ஆலம்படுகை வாய்க்கால்: இன்று முறை இல்லை.’

அவள் திரையில் விரலை வைத்துப் பெரிதாக்கினாள்.

அந்தப் பெட்டியைச் சுற்றி நெற்கதிர் ஓரம் போட்டிருந்தது. எழுத்தும் வேறு. இரண்டையும் ஏழு வருடங்களுக்கு முன்பே விஸ்வா மாற்றிவிட்டான். இப்போது அந்த எழுத்தும் ஓரமும் அலுவலகத்தில் எந்தக் கணினியிலும் கிடையாது.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் அந்தப் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டாள். பெற்ற பிள்ளையை அடையாளம் காண்பதுபோல.

ஒன்பது வருடங்களுக்கு முந்தைய அந்த ஆடி மாதக் காலையில்தான், பேப்பர் ரீல் அடுக்கியிருந்த கொட்டகையில், முதலாளி மகன் விஸ்வா அவளிடம், “என்னைக் கட்டிக்கிறியா?” என்று கேட்டான். அவள் அப்போது பக்கம் போடும் பெண். மாடிக்கு வந்தபோது கால் தரையில் பாவவில்லை. தினமும் முந்தைய நாள் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதன்மேல்தான் புதுச் செய்திகளை மாற்றுவார்கள். அன்றும் எல்லாவற்றையும் மாற்றினாள். ஆலம்படுகைக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத் திறப்பு என்று எழுதிய துண்டுச்சீட்டு அவள் முழங்கைக்கு அடியிலேயே கிடந்தது. பெட்டி மட்டும் முந்தைய நாள் பெட்டியாகவே நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே அதையே படித்துச் சொன்னாள்.

அன்று மாலை மதகுக் குழாய்க்குள் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்த கோவிந்தராசு என்பவர்மேல் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு வந்த ஆகாயத்தாமரை குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள்.

அவள் அழுதுகொண்டு விஸ்வாவின் அப்பா, ஆசிரியர் சந்தானகிருஷ்ணனிடம் ஓடினாள். அவர் கதவைச் சாத்தினார். “திருத்தம் போட்டா நாளைக்கு ஒருத்தன் பெட்டியை நம்ப மாட்டான். நாற்பது வருஷ நம்பிக்கைம்மா” என்றார். மறுநாள் இதழில் செய்தியை அவரே கைப்பட எழுதினார். ‘அறிவிப்பை மீறி வாய்க்காலில் இறங்கியவர் பலி.’ நான்கே வரி. பெயர்கூடப் போடவில்லை.

ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. புரட்டாசியில், நெற்றியில் ஒன்றுமில்லாமல் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்து அவள் மேசை முன் நின்றாள். “ஆலம்படுகைங்க. கோவிந்தராசு சம்சாரம், அம்சம்” என்றாள். “ஒண்ணு கேக்கணும்னு வந்தேம்மா...” என்று ஆரம்பித்தவள், ஸ்ரீரஞ்சனியின் கழுத்தில் மஞ்சள் மாறாமல் கிடந்த தாலிக்கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “எங்க வீட்டுக்குத் தெனம் ஒரு பேப்பர் போடச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கேட்க வந்தது அது இல்லை என்று ஸ்ரீரஞ்சனிக்குத் தெரியும். அந்தக் கேள்வி என்றைக்காவது திரும்பி வரும் என்று ஒன்பது வருடம் காத்திருந்தாள். மாமனார் காலமாகி இரண்டு வருடமாயிற்று. இந்த ரகசியத்துக்கு இப்போது அவள் ஒருத்திதான் வாரிசு.

செவ்வாய்க்கிழமை அவளே கீழே போய் மிஷின் பக்கத்தில் நின்றாள். மிஷின்மேன் நல்லக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

“என்னம்மா, எங்க மேல சந்தேகமா?”

“ஆலம்படுகைக் கட்டுல மட்டும் பெட்டி மாறிப்போகுதுண்ணே.”

“எப்படிம்மா மாறும்? ஒரே பிளேட்டு. ஆறாயிரம் பேப்பருக்கும் ஒரே மூஞ்சி. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குக்கூட அப்படி அமையாது” என்று சிரித்தார்.

ஆலம்படுகைக்கு இருபத்திரண்டு பிரதிகள். அவளே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ‘முறை உண்டு.’ அவளே கட்டினாள். சணலை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பஸ் புறப்படும்வரை ஸ்டாண்டில் நின்றாள்.

நான்கு மணிக்கு மூஸா பாய் போன் செய்தபோது அவர் குரலில் நேற்றைய கேலி இல்லை.

“தங்கச்சி... ஒரு பொண்ணு வாய்க்கால்ல எறங்கிடுச்சு. நல்லவேளை, கரையில நாத்துக்கட்டு எறக்கின ஆளுங்க பின்னலைப் புடிச்சு இழுத்துட்டாங்க.”

“அவ்வளவு தண்ணியில ஏன் பாய் எறங்கணும்?”

“அதான்மா எனக்கும் புரியல. காலேஜில படிக்கிற பொண்ணு. பேப்பரைப் படிச்சுட்டு நிமிந்து பாத்துச்சாம். வாய்க்கா காஞ்சு, வெடிச்சுக் கெடந்துச்சாம். ஒரு சொட்டுத் தண்ணி இல்லையாம்.” மூஸா பாய் குரலைத் தாழ்த்தினார். “மதகுகிட்ட ஒரு ஆளு மண்வெட்டியோட நின்னு, ‘தண்ணி இல்ல, எறங்கி வா’ன்னு கூப்பிட்டாராம்.”

“யாரு பாய் அந்தப் பொண்ணு?”

“கோவிந்தராசு மக. செம்மொழி. கூப்பிட்டது அப்பாதான்னு சொல்லுது தங்கச்சி. காய்ச்சல்ல கெடக்கு.”

புதன்கிழமை ஸ்ரீரஞ்சனி ஒரே முடிவாக நல்லக்கண்ணுவிடம் சொல்லிவிட்டாள். “இன்னிக்கு ஆலம்படுகைக்குக் கட்டே போட வேண்டாம்.”

பக்கம் முடிந்தது. எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். மாடியில் அவள் மட்டும். வெளியே வெயில் கொளுத்தியது. ஆனால் அறைக்குள், மழைக்கு முன்பு வருகிற மாதிரி ஒரு மங்கல். மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை. சேற்று வாடை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

பன்னிரண்டு மணி.

மூலையில் இருந்த பழைய தொலைபேசி அடித்தது.

விவசாயிகள் கூப்பிடுவார்கள் என்று மாமனார் காலத்திலிருந்து விட்டுவைத்த இணைப்பு அது. இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு முறை அடித்தால் அதிகம். அவள் எடுத்தாள்.

முதலில் எதுவுமில்லை. குழாய்க்குள் காற்றுப் போவதுபோல ஓர் ஓசை. பின்னால் எங்கோ ஓர் ஆடு கத்தியது.

“இன்னிக்குத் தண்ணி உண்டாம்மா?”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எந்த... எந்த ஊருங்க?”

“ஆலம்படுகைங்க.”

“தண்ணி உண்டு!” அவள் கத்தினாள். “தண்ணி வருதுங்க! எறங்காதீங்க! மதகுக்குள்ள போகாதீங்க! அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன், தண்ணி வருது!”

அந்தப் பக்கம் ஆடு மறுபடி கத்தியது.

“பேப்பர்ல அப்படி வரலியேம்மா.”

“பேப்பர்ல தப்பு! நான்தான் தப்பா போட்டேன்!”

“அது எப்படிம்மா...” குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக இருந்தது. “பேப்பர்ல வந்துட்டா சரிதான். அடைப்பு நெறையக் கெடக்கு. ஒத்தாசைக்கு ஆளு கூப்பிட்டுக்கிறேன். வச்சிடட்டுமாம்மா?”

ரிசீவரின் துளைகளிலிருந்து அவள் கன்னத்தில் ஏதோ வழிந்தது.

தண்ணீர். சில்லென்று, மண் கலந்த தண்ணீர்.

விஸ்வா மேலே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கேவிக்கேவி எல்லாவற்றையும் சொன்னாள். துண்டுச்சீட்டு, போன், கதவைச் சாத்திய மாமனார், நாலு வரிச் செய்தி எல்லாமே. அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். நடுவில் ஒருமுறை எழுந்து போய் ஜன்னலருகே நின்றான். திரும்பி வந்தான்.

“அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே ரஞ்சி. நீயும் சொல்லல.”

“சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருப்பீங்களா?”

“தெரியல” என்றான் அவன், உண்மையாக. பிறகு அவள் கன்னத்திலிருந்த சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். “கட்டியிருப்பேன். ஆனா அந்த அம்மா வீட்டுக்கு உன்னை இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்.”

“இப்பக் கூட்டிட்டுப் போங்க.”

“போயி? திருத்தம் போடறோம்னு சொல்லப்போறியா? அப்புறம் எவன் நம்புவான் நம்ம பெட்டியை?”

“நம்புறாங்களே, அதுதான் விஸ்வா எனக்கு பயமா இருக்கு. செத்தும் நம்புறார் ஒருத்தர்.”

அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

கார் சாலியமங்கலம் தாண்டும்போது மூஸா பாயின் அழைப்பு வந்தது. “கட்டு வரல, வரலன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தங்கச்சி. இப்பதான் பஸ்ஸுல வந்துச்சு. ஆனா ஏம்மா இப்படி நனைஞ்சிருக்கு?”

“நாங்க கட்டே போடலையே பாய்” என்றாள் அவள்.

“பேப்பர் போடுற பையன் எடுத்துட்டுப் போயிட்டானேம்மா” என்றார் அவர்.

விஸ்வா வண்டியை விரட்டினான். இரண்டு பக்கமும் நாற்றுவிட்ட வயல்களில் தண்ணீர் பளபளத்தது. மேற்கே மேகம் கூடியிருந்தது. ஆலம்படுகைக்குள் நுழைந்தபோது மணி மூன்று ஆகப் பத்து நிமிடம். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. கரையோரம் புது மதகு, சிமெண்ட் பூச்சு இன்னும் வெளிறாமல் நின்றது. பழைய மதகைச் சித்திரையில்தான் இடித்தார்களாம்.

“நான் தெருவுல வீடு வீடாப் போயி யாரும் படிக்கறதுக்குள்ள பேப்பரை வாங்கிடறேன்” என்றான் விஸ்வா. “நீ போ. உன்னால முடியும்.”

அம்சத்தின் வீடு தெருக் கோடியில், அரசு கொடுத்த தொகுப்பு வீடாக இருந்து எடுத்துக் கட்டியது. முன்னால் கிரில் கேட். அவள் தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் கதவு திறந்தது.

“வாங்கம்மா” என்றாள் அம்சம். எதிர்பார்த்திருந்தவள்போல. தலைமுடி பாதி நரைத்திருந்தது. “சத்தம் போடாம வாங்க. மக இப்பத்தான் கண்ணசந்துருக்கா.”

உள்ளே கட்டிலில் செம்மொழி சுருண்டு படுத்திருந்தாள். ஸ்ரீரஞ்சனியின் கண் அவளைத் தாண்டிச் சுவருக்குப் போனது. கட்டிலுக்கடியில், பீரோமேல், பரண்மேல், எங்கு பார்த்தாலும் பொன்னிமடல். ஒன்பது வருடத்துப் பொன்னிமடல். எல்லாக் கட்டுகளின் ஓரமும் ஈரத்தில் கறுத்திருந்தது. அறை முழுக்க அந்த வாடை.

அம்சம் ஒன்றை உருவிக் கொடுத்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய தை மாதத்து இதழ். பெட்டியில் நெற்கதிர் ஓரம். ‘இன்று முறை இல்லை.’ இன்னொன்று, கார்த்திகை. ‘இன்று முறை இல்லை.’

“எல்லாத்துலயும் அதேதாம்மா” என்றாள் அம்சம் கிசுகிசுப்பாக. “நீங்க எதைப் போட்டாலும் இந்த வீட்டுக்கு வரும்போது அந்தப் பேப்பராத்தான் வரும்.”

“அக்கா...” ஸ்ரீரஞ்சனி பேப்பரைக் கீழே வைத்தாள். “அன்னிக்கு அந்தப் பெட்டியை மாத்தாம விட்டது நான். போன்ல தண்ணி இல்லைன்னு சொன்னதும் நான்தான்.”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“அவரு போன் பேசும்போது நான் ஆட்டைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன். ஆபீசுக்கு வந்து உங்க குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏங்க்கா ஒண்ணும் கேக்காமப் போனீங்க? திட்டியிருக்கலாமே. செருப்பால அடிச்சிருக்கலாமே.”

அம்சம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி மூன்று.

வெளியே கிரில் கேட்டின் தாழ்ப்பாள் விலகியது.

பொத். பொத். சிமெண்ட் தரையில் ஈரக் கால்கள் வைக்கும் ஓசை. பையன் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போன பேப்பர், வெளிப்பக்கமாகச் சரசரவென்று உருவப்பட்டது. யாரும் தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மட்டும் ஓர் ஆள் அளவுக்குக் குறைந்திருந்தது.

பேப்பர் விரியும் ஓசை.

பிறகு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு குரல்.

“ஆ...லம்...படு...கை...”

ஸ்ரீரஞ்சனி அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கவில்லை. பழகிய கை அது.

“மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவரு” என்று காதருகே சொன்னாள் அம்சம். “பெட்டி மட்டும்தான் படிப்பாரு. படிச்சுட்டு மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. மறுநா மூணு மணிக்கு வருவாரு. ஒன்பது வருஷமா ஒருநா தவறினதில்ல.”

“இன்...று... மு...றை...”

“ஏன் கேக்கலைன்னு கேட்டீங்களே... வந்தன்னிக்கு உங்க கழுத்தைப் பாத்தேன். மஞ்சக்கயிறு காயல. நான் வாயத் தெறந்தா இந்தப் பொண்ணு பொழப்பு போயிடும்னு தோணுச்சு. அது ஒண்ணு.” அவள் ஜன்னலைப் பார்த்தாள். வயதுக்குப் பொருந்தாத ஒரு கூச்சம் அந்த முகத்தில் வந்து போனது. “இன்னொண்ணு... கேட்டுட்டா நீங்க செஞ்சுடுவீங்க. செஞ்சுட்டா அவரு வரமாட்டாரு. மூணு மணியானா வந்துடுவாரேம்மா. அது போதும்னு இருந்துட்டேன். யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணினதில்ல, வந்தாரு, போனாரு. மதகை இடிச்சதுலேர்ந்துதான் வேலை செய்யற எடத்தைக் காணாமத் தவிக்கிறாரு. ஊரு பேப்பரெல்லாம் அவரு பேப்பரா மாறுது. ஆளைக் கூப்பிடுறாரு. நேத்து...”

கட்டிலில் செம்மொழி புரண்டாள். கண் மூடியபடியே, “தோ வர்றேன்ப்பா” என்றாள்.

தெளிவாக. தூக்கத்திலேயே காலைத் தரையில் ஊன்றினாள்.

“இல்...லை” என்று படித்து முடித்தது குரல். “செம்மொழி... தண்ணி இல்லடா. வா.”

அம்சம் ஓடிப்போய் மகளைக் கட்டிப் பிடித்தாள். அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலே வாசலை நோக்கி இழுத்தாள். தாயையும் சேர்த்து இழுத்தாள். ஸ்ரீரஞ்சனி பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்தாள். அப்போது நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். வந்தபோது நுரைத்து ஓடிய வாய்க்கால், கம்பிகளுக்கு அப்பால் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“கண்ணை மூடிக்கிங்கம்மா!” என்றாள் அம்சம். “அது தண்ணிதான். தண்ணிதான்மா!”

பேப்பர் மடியும் ஓசை. மண்வெட்டியின் இரும்பு தரையில் உரசும் ஓசை.

“அக்கா, என்ன கேக்க வந்தீங்க அன்னிக்கு?” ஸ்ரீரஞ்சனி அழுதாள். “எதுவானாலும் சொல்லுங்க. நாளைக்கு முதல் பக்கத்துல போடறேன். என் பேரைப் போட்டே போடறேன். சொல்லுங்கக்கா!”

அம்சம் மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ஜன்னலில் நின்ற அந்த ஆள் உயர நிழலை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள், வெளியூர் போகிறவரை வழியனுப்புகிறவள் பார்ப்பதுபோல. கண் நிறைந்து வழிந்தது. ஆனால் குரல் உடையவில்லை. ஒன்பது வருடம் கிசுகிசுத்தே பழகிய அந்த வீட்டில், முதல் தடவையாக உரக்கப் பேசினாள். ஸ்ரீரஞ்சனிக்காக மட்டும் இல்லை, வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படியாக.

“அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துச்சுன்னு போடுங்கம்மா. ஆலம்படுகை கோவிந்தராசு, அடைப்பெடுக்க எறங்குனவரு, தண்ணியில செத்துப்போயிட்டாருன்னு பேரு போட்டுப் போடுங்க.”

மண்வெட்டி உரசுவது நின்றது.

செம்மொழியின் உடல் தளர்ந்து தாயின் மடியில் சரிந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று சேற்றுத் தண்ணீர் உள்பக்கமாக வடிந்தது.

பிறகு, கம்பிக்கு மிக அருகில், அந்தக் கரகரத்த குரல் மரியாதையோடு கேட்டது.

“பேப்பர்லயும் அப்படித்தான் வருதா?”